பத்திரிகைத் தலைப்புகளும் எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பும்



பிரித்தானியாவில் ஒரு பிள்ளை தன் வீட்டுக்குள்ளேயே சித்திரவதைப்பட்டு இறந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் எமது நேரடி நிகழ்ச்சிக்கு இரண்டு விதமான அழைப்புகள் வருகின்றன. "சோசல் சேர்விஸ்காரர் இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தவை?" என்று கோபப்படுபவர்கள் ஒரு பகுதி. "அவையள் ஒருக்கால் வீட்டுக்குள்ள கால் வைச்சால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம், எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் கொடுக்கக் கூடாது" என்று பயப்படுபவர்கள் மறு பகுதி. சில வேளைகளில் இரண்டையும் ஒரே நேயர் ஒரே அழைப்பில் சொல்வதும் உண்டு.

இந்தக் கோபமும் இந்தப் பயமும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடம் ஊடகம். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சொல்லும் விதம் இந்த நாட்டின் சட்டங்களை மாற்றியிருக்கிறது, உத்தியோகத்தர்களின் நடத்தையை மாற்றியிருக்கிறது, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் முறையையும் மாற்றியிருக்கிறது. அது நன்மையும் செய்திருக்கிறது, தீமையும் செய்திருக்கிறது. இந்த மாத உரையில் இரண்டையும் எடுத்து விளக்க விரும்புகிறேன்.

ஒரு மரணமும் ஒரு சட்டமும்

1973 ஜனவரியில் பிரைட்டன் நகரில் மரியா கொல்வெல் என்ற 7 வயதுச் சிறுமி தன் சிறிய தகப்பனால் அடித்துக் கொல்லப்பட்டாள். உறவினர் வீட்டில் பல வருடங்கள் நல்லபடி வளர்ந்தவளைத் தாயிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை மெலிந்து போகிறாள், காயங்களோடு திரிகிறாள் என்று அயலவர்களும் ஆசிரியர்களும் பலமுறை முறையிட்டும் பயன் இருக்கவில்லை. அதற்கு முன்பும் பிள்ளைகள் இப்படி இறந்தார்கள். ஆனால் மரியாவின் மரணம் பற்றிய பகிரங்க விசாரணையைப் பத்திரிகைகள் நாள்தோறும் முதல் பக்கத்தில் போட்டன. 1974இல் அறிக்கை வெளிவந்த பின்னர்தான் வைத்தியர், பொலிஸ், ஆசிரியர், சமூக சேவை உத்தியோகத்தர் எல்லோரும் கூடிப் பேசும் உள்ளூர்க் குழுக்களும், ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளின் பதிவேடும் நாடு முழுவதும் உருவாகின. இன்றைய சிறுவர் பாதுகாப்பு முறையின் அத்திவாரம் அங்கேதான் இடப்பட்டது.

பின்னர் 1987இல் கதை மறுபக்கம் திரும்பியது. இங்கிலாந்தின் வடகிழக்கில் கிளீவ்லண்ட் பகுதியில், மிடில்ஸ்பரோ வைத்தியசாலையின் இரண்டு சிறுவர் வைத்தியர்களின் கணிப்பை வைத்து, சில மாதங்களுக்குள் 121 பிள்ளைகள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டனர். பலர் வீடுகளில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பின்னர் வீடு திரும்பினர். முன்பு "ஏன் பிள்ளையை எடுக்கவில்லை?" என்று கேட்ட அதே பத்திரிகைகள் இப்போது "ஏன் பிள்ளைகளைப் பறித்தீர்கள்?" என்று கேட்டன. நீதிபதி பட்லர்-ஸ்லொஸ் அம்மையாரின் அறிக்கை 1988இல் வெளியானது. அடுத்து வந்த 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் பெற்றோரின் உரிமையையும் பிள்ளையின் நலனையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முயன்றது. இன்றுவரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடிப்படைச் சட்டம் அதுதான்.

ஊஞ்சல் இரண்டு பக்கமும் ஆடுவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளுவதும் ஊடகம், மறு பக்கம் தள்ளுவதும் ஊடகம்.

விக்ரோரியாவிடம் நாம் கற்க வேண்டியது

எங்களைப் போன்ற குடிபெயர்ந்த சமூகங்கள் மறக்கக் கூடாத பெயர் விக்ரோரியா குளிம்பியே. ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண் ஒருவரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிரான்ஸ் வழியாக 1999இல் லண்டன் வந்தவள் 2000 பெப்ரவரி 25ஆம் திகதி, 8 வயதில் இறந்தாள். உடம்பில் 128 காயங்களும் தழும்புகளும் இருந்தன. வளர்த்த பெண்ணும் அவருடைய துணைவரும் 2001இல் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள்.

லோர்ட் லாமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. நான்கு மாநகர சபைகளின் சமூக சேவைப் பிரிவுகள், இரண்டு வைத்தியசாலைகள், பொலிசாரின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகள் எல்லாம் அவளை அறிந்திருந்தன. காப்பாற்றக் கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டன என்று அறிக்கை கணக்கிட்டது. அவளுடைய மொழி பிரெஞ்சு. அவளுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை அவளிடமே ஆறுதலாக இருந்து கேட்டறிந்த உத்தியோகத்தர் எவரும் இருக்கவில்லை. வளர்த்த பெண் சொன்னதே கோப்பில் ஏறியது.

இன்னொரு விடயமும் அதில் உண்டு. அந்தப் பெண்ணின் முன்னால் விக்ரோரியா விறைத்துப்போய் நிற்பாள். அவளுக்குப் பொறுப்பான சமூக சேவை உத்தியோகத்தர் அதை அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது பயம். எங்கள் வீடுகளிலும் பிள்ளை அடக்கமாக நின்றால் "நல்ல வளர்ப்பு" என்கிறோம். அடக்கம் எது, பயம் எது என்று பிரித்துப் பார்க்க வெளியாளுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் தெரிய வேண்டும்.

இந்த வழக்குப் பற்றிய செய்திகள் எழுப்பிய அதிர்ச்சியும், லாமிங்கின் 108 பரிந்துரைகளும் சேர்ந்துதான் 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்துக்கு வழிவிட்டன. ஒவ்வொரு மாநகர சபையிலும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், பாடசாலை, வைத்தியசாலை, பொலிஸ் எல்லாம் தகவல் பரிமாற வேண்டும் என்ற ஏற்பாடுகள் அப்போது வந்தன. உங்கள் பிள்ளையின் கையில் ஒரு கன்றிய காயத்தைக் கண்டால் ஆசிரியை கேள்வி கேட்பதற்கும் எழுதி வைப்பதற்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. உங்களைத் தமிழர் என்று பார்த்து அவர் கேட்கவில்லை.

கோபம் கொள்கையாக மாறியபோது

2007 ஓகஸ்ட் மாதம் வட லண்டனின் ஹரிங்கேயில் 17 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. பத்திரிகைகள் அதை "பேபி பி" என்று அழைத்தன. எட்டு மாதங்களில் சுமார் 60 தடவை உத்தியோகத்தர்களும் வைத்தியர்களும் அந்தக் குழந்தையைக் கண்டிருந்தார்கள். 2008 நவம்பரில் தீர்ப்பு வந்ததும் 'த சண்' பத்திரிகை உத்தியோகத்தர்களைப் பெயர் சொல்லி, படம் போட்டு, வேலையை விட்டு நீக்கக் கோரி இயக்கம் நடத்தியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள். டிசம்பர் 1ஆம் திகதி அமைச்சர் எட் போல்ஸ் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னால், ஹரிங்கேயின் சிறுவர் சேவைப் பணிப்பாளர் ஷரன் ஷூஸ்மித்தைப் பதவியில் இருந்து அகற்றுவதாக அறிவித்தார். அவருடைய விளக்கத்தை முறைப்படி கேளாமல் நீக்கியது சட்டவிரோதம் என்று 2011 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதன் விளைவு ஹரிங்கேயோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பராமரிப்பில் எடுக்கக் கோரி இங்கிலாந்து நீதிமன்றங்களுக்குப் போன விண்ணப்பங்கள் 2008-09இல் ஏறத்தாழ 6,500. அடுத்த வருடம் 8,800. 2011-12இல் அது 10,000ஐத் தாண்டியது. அவற்றில் பல, முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நியாயமான முடிவுகள். ஆனால் நாளைக்குப் பத்திரிகையில் என் படம் வந்துவிடுமோ என்ற பயத்தோடு ஒரு உத்தியோகத்தர் முடிவெடுத்தால், பிள்ளைக்கு எது நல்லது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படும். பேராசிரியர் ஐலீன் மன்றோ 2011இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் இதையே சுட்டிக்காட்டியது. பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் விதிகளும் படிவங்களும் பெருகிவிட்டன, உத்தியோகத்தர்கள் குடும்பங்களோடு இருக்க வேண்டிய நேரத்தைக் கணினியின் முன்னால் கழிக்கிறார்கள் என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் சமூக சேவை உத்தியோகத்தர் கதைப்பதை விட அதிகமாக எழுதுவதைக் கண்டு நாங்கள் மிரள்கிறோம். நாங்கள் அவருக்குப் பயம், அவர் தலைப்புச் செய்திக்குப் பயம். இடையில் இருப்பது பிள்ளை.

ஊடகம் வாய் திறக்க வைத்த கதைகள்

இதைக் கேட்டுவிட்டு ஊடகங்களே வேண்டாம் என்று எவரும் நினைக்கக் கூடாது. 1986 ஒக்ரோபர் 30ஆம் திகதி பிபிசியில் எஸ்தர் ரான்ஸன் நடத்திய ஒரு நிகழ்ச்சியோடு 'சைல்ட்லைன்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. முதல் இரவே ஏறத்தாழ 50,000 அழைப்பு முயற்சிகள் நடந்ததாகப் பதிவாகியுள்ளது. இத்தனை பிள்ளைகள் யாரிடமாவது சொல்லக் காத்திருந்தார்கள் என்பதை நாடு அன்றுதான் அறிந்தது.

பிரபல தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஜிம்மி சவில் 2011இல் இறந்தபோது புகழஞ்சலி செலுத்தப்பட்டது. அவரைப் பற்றிப் பிபிசியின் செய்திப் பிரிவு தொடங்கிய ஆய்வு கைவிடப்பட்டது. 2012 ஒக்ரோபரில் ஐரிவி ஒளிபரப்பிய விவரணம் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அடுத்த சில மாதங்களில் சுமார் 450 பேர் அவரைப் பற்றிப் பொலிசாரிடம் சொன்னார்கள். பலருக்கு அது சிறு வயதில் நடந்தது. நாற்பது, ஐம்பது வருடங்கள் மனதுக்குள் வைத்திருந்தவர்கள், "நான் மட்டும் இல்லை" என்று தெரிந்ததும் பேசினார்கள். அதன் தொடர்ச்சியாக நடந்த தேசிய விசாரணை 2022இல்தான் தன் இறுதி அறிக்கையைத் தந்தது.

ரொதரம் நகரில் சிறுமிகள் கூட்டம் கூட்டமாகப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதை 'த ரைம்ஸ்' செய்தியாளர் அன்ட்ரூ நோர்போக் 2011 முதல் விடாமல் எழுதினார். 1997 முதல் 2013 வரை 1,400 பிள்ளைகளாவது பாதிக்கப்பட்டனர் என்று 2014 ஓகஸ்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே மதிப்பிட்டார். அந்தச் சிறுமிகள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அவர்களை நம்புவார் இருக்கவில்லை. இனப் பிரச்சினையாகிவிடும் என்று சில உத்தியோகத்தர்கள் தயங்கியதையும் அறிக்கை பதிவு செய்தது. பின்னர் அதே செய்தியை ஒரு முழுச் சமூகத்தின் மீதும் சேறு பூசப் பாவித்தவர்களும் உண்டு. இரண்டினாலும் பிள்ளைகளுக்கு நன்மை வரவில்லை.

படத்தில் இருக்கும் அந்நியன்

2000 ஜூலையில் மேற்கு சசெக்ஸில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி அந்நியன் ஒருவனால் கடத்திக் கொல்லப்பட்டாள். 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பத்திரிகை, முன்பு தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகளின் பெயர்களையும் படங்களையும் வெளியிடத் தொடங்கியது. போர்ட்ஸ்மத் நகரின் போல்ஸ்குரோவ் குடியிருப்பில் கும்பல்கள் வீடுகளைத் தாக்கின. குற்றமற்ற குடும்பங்களும் வீட்டை விட்டு ஓடின. வேல்ஸில் ஒரு சிறுவர் வைத்தியரின் வீட்டுக் கதவில் வசை எழுதினார்கள். 'பீடியட்ரிசியன்' என்ற அவருடைய தொழிற்பெயரின் முதற்பாதி ஒரு குற்றவாளியைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலித்ததுதான் காரணம்.

அந்த இயக்கத்தால் பின்னர் ஒரு நல்ல பலனும் வந்தது. 2008இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவிய திட்டத்தின்படி, உங்கள் பிள்ளையோடு பழகும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பொலிசாரிடம் விசாரிக்கலாம். ஆபத்து உண்டு என்று கண்டால், பிள்ளையைப் பாதுகாக்கக் கூடிய நிலையில் இருப்பவருக்கு மட்டும் இரகசியமாகச் சொல்வார்கள். இதை எங்கள் பெற்றோரில் அறிந்தவர்கள் குறைவு.

ஆனால் அப்படங்கள் மனதில் பதித்த எண்ணம் இன்னும் போகவில்லை. துஷ்பிரயோகம் செய்பவன் வெளியில் இருந்து வரும் அந்நியன், பூங்காவில் நிற்பவன் என்பதே அந்த எண்ணம். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அதைச் செய்தவர் முன்பே தெரிந்தவர்: உறவினர், குடும்ப நண்பர், ரியூசன் சொல்லித் தருபவர், வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர், எங்கள் எல்லோருக்கும் மரியாதைக்குரிய பெரியவர். அந்நியர் அரிதாக வருவதால்தான் அது செய்தியாகிறது. தெரிந்தவர் செய்வது அடிக்கடி நடப்பதால் தலைப்பில் வருவதில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இருந்தே பதில் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு தகவல் கிடைத்ததும் சமூக சேவை உத்தியோகத்தர் தாமாகவே பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிசார் 72 மணித்தியாலம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றத்தின் அவசரக் கட்டளை 8 நாட்களுக்கு உரியது, ஒருமுறை மட்டும் 7 நாட்கள் நீட்டலாம். நீண்டகாலப் பராமரிப்புக் கட்டளை பெற வழக்கு நடந்தாக வேண்டும். அந்த வழக்கில் பெற்றோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்டத்தரணி உண்டு. பிள்ளையை வேறிடத்தில் வைக்க வேண்டி வந்தால், பொருத்தமான உறவினர் இருந்தால் அவர்களுக்கே முன்னுரிமை. விசாரணைகளில் பெரும்பாலானவை நீதிமன்றத்துக்குப் போவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: சம்மதக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைக்கச் சொன்னால் சட்டத்தரணியோடு பேசிவிட்டு வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் பிள்ளையை அடிப்பதற்குச் சட்டத்தில் எந்தச் சாட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2004 சட்டத்தின்படி, காயம் உண்டாகும்படி அடித்துவிட்டுக் "கண்டித்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் ஊடகங்களின் பொறுப்பு

இப்போது எங்கள் பக்கம் பார்ப்போம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அவருடைய வாழ்நாள் முழுவதும் பிரசுரிக்கக் கூடாது என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். பெயரை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் தந்தையின் தொழிலைச் சொல்கிறார், இன்னொருவர் ஊரைச் சொல்கிறார், மூன்றாமவர் எந்தத் தமிழ்ப் பாடசாலை என்று சொல்கிறார். துண்டுகளைப் பொருத்தினால் பிள்ளையின் முகம் வந்துவிடுகிறது. ஒலிபரப்பு ஒழுங்கு விதிகளும் இந்த ஆபத்தைக் குறிப்பிட்டே எச்சரிக்கின்றன.

பெரிய சமூகத்தில் இந்தத் துண்டுகள் காற்றோடு போய்விடலாம். எங்கள் சமூகம் சிறியது. ஊரில் எந்தக் குறிச்சி, யாருடைய பேத்தி என்பது வரை கண்டுபிடித்துவிடுவோம். கைபேசிக் குழுக்களில் ஒரு படத்தை அனுப்புவதும் பிரசுரிப்பதாகவே கொள்ளப்படலாம். 2025 ஜனவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸ் குடும்ப நீதிமன்றங்களில் நடப்பதைச் செய்தியாளர்கள் அனுமதியோடு எழுத முடிகிறது. அங்கேயும் பிள்ளையின் அடையாளம் மறைக்கப்பட வேண்டும்.

இதனால்தான் எமது வானொலியில் இப்படியான வழக்கு வரும்போது குடும்பத்தின் ஊரையோ கோயிலையோ சொல்வதில்லை. நேயர்கள் அழைப்பில் பெயர் சொல்ல முயன்றால் இணைப்பைத் துண்டிக்கிறோம். சிலர் இதைச் சமூக மானத்தைக் காக்கும் மூடிமறைப்பு என்று குறை சொல்கிறார்கள். நாம் மூடுவது பிள்ளையின் முகத்தை மட்டும்தான். குற்றத்தைப் பேசாமல் விட்டதில்லை, விடவும் மாட்டோம்.

"காட்டிக் கொடுத்தல்" என்ற சொல்லைப் பற்றி

தலையாட்டியின் முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்ட தலைமுறை எங்களுடையது. ஒருவரைக் காட்டிக் கொடுத்தால் அவர் திரும்பி வரமாட்டார் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அதிகாரிக்கு எதையும் சொல்லக் கூடாது என்ற பாடம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே பாடத்தை இங்கே ஒரு பிள்ளையின் விடயத்தில் கடைப்பிடித்தால், காப்பாற்றப்படுவது பிள்ளை அல்ல.

2023 ஓகஸ்டில் வோக்கிங் நகரில் 10 வயதுச் சிறுமி சாரா ஷரீப் கொல்லப்பட்டாள். அந்த வருடம் மார்ச்சில் பாடசாலை காயங்களைக் கண்டு அறிவித்தது, சில நாட்களில் கோப்பு மூடப்பட்டது, பிறகு அவள் வீட்டில் படிப்பதாகச் சொல்லிப் பாடசாலையில் இருந்து எடுக்கப்பட்டாள். சுவருக்கு அப்பால் அலறல் கேட்ட அயலவர்கள் இருந்தார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது. தந்தையும் சிறிய தாயும் 2024 டிசம்பரில் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள்.

அலறலைக் கேட்டவர் ஆதாரம் தேட வேண்டியதில்லை. கண்டதையும் கேட்டதையும் சொன்னால் போதும், ஆராய்வது அவர்கள் வேலை. உங்கள் பெயரைச் சொல்லாமலும் அழைக்கலாம். வளர்ந்தவர்கள் அழைக்க வேண்டிய என்எஸ்பிசிசி இலக்கம் 0808 800 5000. பிள்ளைகள் தாங்களே பேசுவதற்கான சைல்ட்லைன் இலக்கம் 0800 1111. அது இலவசம், தொலைபேசிப் பற்றுச்சீட்டிலும் தெரியாது. உடனடி ஆபத்து என்றால் 999.

இந்த மூன்று இலக்கங்களையும் வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். நடு இலக்கத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளையின் படம் முதல் பக்கத்தில் வரும்போது, எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்துக் கோபப்படுங்கள், தவறில்லை. அதற்கு முன் உங்கள் தெருவில், உங்கள் உறவுக்குள், உங்கள் பிள்ளையின் வகுப்பில் யாரைப் பற்றியாவது மனதில் உறுத்தல் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இருந்தால் முதல் அழைப்பு எங்களுக்கு வேண்டாம். அந்த இலக்கத்துக்குப் போகட்டும்.